முனைக்கும் தரைக்கும் நடுவே சில மில்லிமீட்டர்

வாக்குவம் கிளீனர் வாங்கப் போகிறவர் கடையில் முதலில் கேட்பது "எத்தனை வாட்?" என்றுதான். விற்பவரும் அதையே எடுத்துச் சொல்கிறார். அட்டைப்பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் அச்சாகியிருப்பதும் அதுவே. ஆனால் தூசு கிளம்புவது தரையை ஒட்டி நகரும் முனையின் அடியில். அங்கே இருக்கும் சில மில்லிமீட்டர் சந்தில் காற்று எந்தப் பக்கத்திலிருந்து நுழைகிறது, எவ்வளவு வேகத்தில் நுழைகிறது என்பதைப் பொறுத்தே வீடு சுத்தமாவதும் ஆகாததும். இந்த முனையைத் தரைக்கு ஏற்ப மாற்றிக்கொள்ள நூறாண்டுக்கு மேலாகப் பல வழிகளைப் பொறியாளர்கள் முயன்றிருக்கிறார்கள்: கைப்பிடியில் ஒரு திறப்பு, மோட்டாருக்கு ஒரு குமிழ், காலால் அமுக்கும் பெடல், தானே அசைந்துகொடுக்கும் மடல், இப்போது உணரிகள். இவற்றை வரிசையாக வைத்துப் பார்க்கும்போது எனக்குத் தெளிவாகத் தெரிவது ஒன்று: பெரும்பாலானவை உறிஞ்சலின் அளவைத்தான் கூட்டிக் குறைக்கின்றன. காற்று நுழையும் இடத்தை மாற்றுபவை மிகச் சில. பயன் அதிகம் தருபவையும் அந்தச் சிலவே.

1901-ல் லண்டனில் ஹியூபர்ட் செசில் பூத் என்ற பொறியாளர், தூசைக் காற்றால் ஊதிக் கிளப்பும் இயந்திரம் ஒன்றின் செயல்விளக்கத்தைப் பார்த்தார். ஊதுவதற்குப் பதில் உறிஞ்சினால் என்ன என்று அவருக்குத் தோன்றியது. உணவகம் ஒன்றில், இருக்கையின் மேல் கைக்குட்டையை விரித்து அதில் வாயை வைத்து உறிஞ்சிப் பார்த்தார். கைக்குட்டையின் அடிப்பக்கத்தில் அழுக்கு படிந்திருந்தது. இந்தக் கதை பல இடங்களில் சொல்லப்படுகிறது. அதில் முக்கியமானது, அவர் வாயைத் துணியோடு ஒட்டி வைத்திருந்தார் என்பது. ஓர் அங்குலம் தள்ளி வைத்து உறிஞ்சியிருந்தால் ஒன்றும் வந்திருக்காது. அடுத்த ஆண்டே, ஏழாம் எட்வர்டின் முடிசூட்டு விழாவுக்காக வெஸ்ட்மின்ஸ்டர் ஆபியின் கம்பளங்களைப் பூத்தின் இயந்திரம் சுத்தம் செய்தது. இயந்திரம் தெருவில் வண்டியில் நிற்கும்; நீளமான குழாய்கள் மட்டும் கட்டடத்துக்குள் போகும். அத்தனை பெரிய இயந்திரத்துக்கும் கடைசியில் வேலை செய்தது தரையைத் தொட்ட அந்த முனைதான்.

எரியும் மெழுகுவத்தியை ஓர் அடி தள்ளி நின்று ஊதி அணைத்துவிடலாம். அதே தூரத்தில் நின்று உறிஞ்சி அணைக்க முடியாது. ஊதும் காற்று தாரையாக ஒரே திசையில் போகிறது. உறிஞ்சும் காற்றோ எல்லாப் பக்கத்திலிருந்தும் வந்து சேர்கிறது. அதனால் வாயிலிருந்து கொஞ்சம் விலகினாலே வேகம் படுத்துவிடும். தொழிற்சாலைகளில் தூசு உறிஞ்சும் கூண்டுகளை வடிவமைப்பவர்கள் கையாளும் டல்லவல்லே சூத்திரத்தை வீட்டுக் குழாய்க்குப் போட்டுப் பார்க்கலாம். 32 மி.மீ. விட்டமுள்ள குழாயில் நொடிக்கு 30 லிட்டர் காற்று போனால், குழாய் வாயில் வேகம் நொடிக்கு 37 மீட்டர். அதே 32 மி.மீ. தூரம் முன்னால் தள்ளிப் பார்த்தால் 3 மீட்டர்கூட இல்லை. தூசுக்கும் வாய்க்கும் நடுவே உள்ள தூரத்தைக் கூட்டிவிட்டு, அதை மோட்டாரின் பலத்தால் ஈடுகட்டப் பார்ப்பது வீண் செலவு.

இனி முனைக்கு வருவோம். 28 செ.மீ. நீளமுள்ள ஒரு முனை, முன்விளிம்பிலும் பின்விளிம்பிலும் தரையிலிருந்து 3 மி.மீ. உயர்ந்து நிற்கிறது, பக்கங்கள் அடைபட்டிருக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே 30 லிட்டர் காற்று அந்தச் சந்துகளில் நொடிக்கு 18 மீட்டர் வேகத்தில் நுழையும். 6 மி.மீ. உயர்த்தினால் வேகம் 9 மீட்டராகிவிடும். இப்போது பின்விளிம்பை ரப்பர் பட்டையால் அடைத்து, முன்விளிம்பில் மட்டும் 3 மி.மீ. விடுங்கள். மோட்டாரில் ஒரு வாட்டும் கூட்டாமல் வேகம் ஏறத்தாழ இரட்டிப்பாகிறது. இதற்குச் செலவாகும் அழுத்தம் 2 கிலோபாஸ்கல் அளவுதான். நடுத்தரமான ஒரு வீட்டு இயந்திரத்தால் எளிதாகத் தரக்கூடியது. சந்தில் காற்று நுழையும் விளிம்பைக் கூர்மையாக விடாமல் உருட்டிவிட்டால் அந்தச் செலவும் பாதிக்கு மேல் குறையும். கீச்சென்ற சத்தமும் அடங்கும். அச்சுவார்ப்பில் ஓர் உளி வேலை. அதற்கு மேல் செலவில்லை.

அப்படியானால் இடைவெளியை முற்றிலும் மூடிவிடலாமே என்றால், அங்கேதான் சிக்கல். விசிறியின் இயல்பு அப்படி. முழுதாக அடைத்தால் அழுத்தம் உச்சத்தில் இருக்கும், காற்றோட்டம் சுழியம். முழுதாகத் திறந்தால் காற்றோட்டம் உச்சத்தில் இருக்கும், அழுத்தம் சுழியம். அடைத்த நிலையில் 20 கிலோபாஸ்கலும் திறந்த நிலையில் நொடிக்கு 40 லிட்டரும் தரும் இயந்திரம், இரண்டிலும் பாதியில் நிற்கும்போதுதான் தன் உச்சமான 200 வாட் காற்றுத்திறனைத் தருகிறது. விளம்பரத்தில் தனியாகச் சொல்லப்படும் கிலோபாஸ்கல் எண் அடைத்த வாயில் அளந்தது. அந்த நிலையில் ஒரு துகளும் நகர்வதில்லை. இன்னொன்றும் உண்டு. கிளப்பிய தூசைச் சுமந்துபோகக் குழாயிலும் வேகம் வேண்டும். மணல் போன்ற கனமான துகளுக்குத் தொழிற்சாலைக் குழாய்களில் நொடிக்கு 20 மீட்டர் அளவில் வேகம் வைக்கிறார்கள். முனை அடைபட்டுக் காற்றோட்டம் 10 லிட்டராகக் குறைந்தால் 32 மி.மீ. குழாயில் 12 மீட்டர்தான் மிஞ்சும். மணல் பாதி வழியில் தங்கிவிடும்.

முழுதாக ஒட்டிக்கொண்ட முனையைத் தள்ளவும் முடியாது. 28 செ.மீ. நீளம், 7 செ.மீ. அகலமுள்ள முனையின் அடியில் 2 கிலோபாஸ்கல் அழுத்தக் குறைவு இருந்தால், ஏறத்தாழ 4 கிலோ எடையை அதன் தலையில் வைத்ததுபோல் அது தரையோடு அமுங்குகிறது. 5 கிலோபாஸ்கல் ஆனால் 10 கிலோ. இடுப்புவலி உள்ள ஒருவர், வயதான ஒருவர் கம்பளத்தின் மேல் இதை முன்னும் பின்னும் இழுப்பதை நினைத்துப் பாருங்கள். முனையைச் சரிசெய்யும் வசதி முதலில் தேவைப்பட்டதே இதனால்தான். தள்ள முடியாமல் போகும்போது கொஞ்சம் விட்டுக்கொடுக்க ஒரு வழி வேண்டியிருந்தது.

விட்டுக்கொடுப்பதில் மிகப் பழைய வழி கைப்பிடியில் உள்ள நகரும் மூடி. திறந்தால் வெளிக்காற்று அங்கேயே புகுந்துவிடும். முனையில் இழுப்பு குறையும். திரைச்சீலை, தலையணை உறை போன்றவற்றுக்கு இது போதும், மலிவும்கூட. ஆனால் அந்த வழியில் நுழையும் காற்று தரையைப் பார்க்கவே இல்லை. மோட்டாருக்கு வைக்கும் குமிழ் இதைவிட நல்லது. விசிறியின் வேகத்தை ஐந்தில் ஒரு பங்கு குறைத்தால் அது கேட்கும் திறன் பாதியாகிவிடும். மின்சாரமும் சத்தமும் மிச்சம். இருந்தும், மோட்டாரைக் குறைப்பவர் அழுத்தத்தையும் காற்றோட்டத்தையும் சேர்த்தே குறைக்கிறார். தரையருகே வேகம் போய்விடுகிறது.

மூன்றாவது வழியை விரிவாகப் பார்க்க வேண்டும். உலகம் முழுக்கப் புழங்குவது அதுதான். பெடல் வைத்த இரட்டைப் பயன் முனை. ஒன்றைத் தலைகீழாகத் திருப்பிப் பாருங்கள். நடுவில் தொண்டைத் துளை. அதிலிருந்து இரு பக்கமும் ஓடும் பள்ளம். நல்ல வடிவமைப்பில் அந்தப் பள்ளம் ஓரத்தில் ஆழம் குறைந்தும் தொண்டையை நெருங்க ஆழம் கூடியும் இருக்கும். இல்லாவிட்டால் நடுவில் மட்டும் காற்று இழுக்கும், இரு முனைகளும் சும்மா வரும். பள்ளத்தின் முன்னும் பின்னும் நூல், முடி பிடிக்கும் சிவப்பு வெல்வெட் பட்டைகள். அவற்றுக்கு வெளியே இரண்டு வரிசை பிரஷ் குச்சங்கள். பெடலை ஒரு பக்கம் அமுக்கினால் குச்சங்கள் வெளியே வந்து முனையைச் சில மில்லிமீட்டர் தூக்கும். டைல்ஸ், மரத்தரைக்கு அந்த நிலை. மறுபக்கம் அமுக்கினால் அவை உள்ளே போய், வழவழப்பான அடித்தகடு கம்பளத்தின் மேல் அமரும். முன்வரிசைக் குச்சங்களை இடையிடையே விட்டு விட்டு நட்டிருப்பார்கள். அந்த இடைவெளிகள் வழியாகத்தான் அரிசி, ரவை போன்ற பருமனான துகள்கள் உள்ளே போக வேண்டும்.

அந்த இடைவெளி இல்லாத முனையை டைல்ஸ் தரையில் சிந்திய ரவைமேல் ஓட்டினால் நடப்பதைக் கண்ணால் பார்க்கலாம். முன்சுவர் ரவையைத் தள்ளிக்கொண்டே போகும். முனையைத் தூக்கி ரவையின் மேல் வைத்தால்தான் உள்ளே போகும். பின்னால் இழுக்கும்போது ஒரு கோடு சுத்தமாகும், முன்னால் தள்ளும்போது அதே கோட்டின் ஓரத்தில் ரவை வரப்பு கட்டும். இயந்திரத்தில் இழுப்பு இல்லை என்று வீட்டில் புகார் எழுவது பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான். குறை அங்கே மோட்டாரில் இல்லை. முன்விளிம்பில் வாசல் இல்லை. ஒற்றைப் பெடலுக்கு இரண்டு நிலைகள்தான் உண்டு என்பதும், பலர் அதை அமுக்குவதே இல்லை என்பதும் இந்த முனையின் பெரிய பலவீனங்கள். வாங்கிய நாளில் எந்த நிலையில் இருந்ததோ அதே நிலையில் வருடக்கணக்காக ஓடும் முனைகளை நான் பார்த்திருக்கிறேன்.

காற்றின் வேகம் எட்டாத இடம் ஒன்று உண்டு. துகள் சிறுக்கச் சிறுக்க, அதைத் தரையோடு பிடித்துவைக்கும் ஒட்டுவிசை விட்டத்தின் அளவில் குறைகிறது. காற்று அதை இழுக்கும் விசையோ அதைவிட விரைவாகக் குறைகிறது. மணல் எளிதில் பறக்கும். மாவுத்தூள் தரையோடு ஒட்டியே கிடக்கும். தரையை ஒட்டிய மெல்லிய அடுக்கில் காற்று ஏறத்தாழ அசையாமல் இருப்பதால், மிக நுண்ணிய தூசுக்கு வேகம் கூட்டுவது மட்டும் போதாது. ஏதாவது ஒன்று அதைத் தொட்டு உரச வேண்டும். ஓஹையோவின் கேன்டன் நகரில் துப்புரவுப் பணியாளராக இருந்த ஜேம்ஸ் மர்ரே ஸ்பாங்லர் இதைக் கையனுபவத்தால் அறிந்திருந்தார். ஆஸ்துமா நோயாளியான அவர், விசிறி மோட்டாரையும் தலையணை உறையையும் வைத்துச் செய்த இயந்திரத்தில் சுழலும் பிரஷையும் சேர்த்தார். 1908-ல் காப்புரிமை கிடைத்தது. அதை ஹூவர் குடும்பம் வாங்கியது. 1926-ல் ஹூவர் நிறுவனம் கம்பளத்தைத் தட்டும் உலோகக் கம்பிகளை அந்த உருளையில் பொருத்தியது. உறிஞ்சலால் கம்பளம் மேலெழும்ப, கம்பிகள் அதைத் தட்ட, அடியில் புதைந்த மணல் வெளியே வரும்.

தட்டும் உருளை வந்ததும் உயரத்தைச் சரிசெய்வது கட்டாயமாயிற்று. முனை உயரமாக நின்றால் கம்பளம் எழும்பாது, கம்பி காற்றில் சுழலும். தாழ்ந்தால் இழைகள் தேயும், பெல்ட் சூடாகும், இயந்திரம் நகராது. கம்பள இழையின் உயரத்துக்கு ஏற்பச் சக்கரத்தை ஏற்றி இறக்கும் குமிழ் இதற்காக வந்தது. எளிய ஏற்பாடு, நேர்மையான ஏற்பாடு: இடைவெளியையே மாற்றுகிறது. காற்று விசையாழியால் சுழலும் டர்போ பிரஷ் இந்த அளவுக்கு நம்பகமானதல்ல. அதற்குத் தனி மோட்டார் வேண்டாம் என்பது உண்மை. ஆனால் அடர்ந்த கம்பளத்தில் காற்றோட்டம் குறையும்போது, அதாவது உரசல் மிகவும் தேவைப்படும்போதே, அது வேகம் இழக்கிறது.

வாட்டுக்கும் சுத்தத்துக்கும் உள்ள உறவை ஒரு சட்டமே சோதித்துப் பார்த்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2014 செப்டம்பர் 1 முதல் வாக்குவம் கிளீனர்களின் மின்திறன் 1,600 வாட்டுக்குள் இருக்க வேண்டும் என்றது; 2017 செப்டம்பர் 1 முதல் 900 வாட்டுக்குள். பழைய பெரிய இயந்திரங்களை வாங்கிச் சேர்க்க பிரிட்டனில் கடைகளில் கூட்டம் கூடியது. ஆனால் அதே சட்டம் தூசெடுப்புக்கும் கீழ்வரம்பு வைத்திருந்தது: 2017 முதல் கம்பளத்தில் தூசின் 0.75 பங்கு, கடினத் தரையில் 0.98 பங்கு. நிறுவனங்கள் இரண்டையும் எட்டின. ஏறத்தாழ பாதி மின்சாரத்தில் அந்த அளவை எட்ட உதவியதில் விசிறிக்கும் மோட்டாருக்கும் ஒரு பங்கு. முனைக்குப் பெரும்பங்கு என்பது என் கணிப்பு.

அதே சட்டம் முனையைக் கெடுத்ததும் உண்டு. கம்பளச் சோதனை வில்டன் வகைக் கம்பளத்தில் நடந்தது. கடினத் தரைச் சோதனை, பள்ளக்கோடு வெட்டிய பலகையில் நடந்தது. கோட்டுக்குள் இருக்கும் தூசு எவ்வளவு வந்தது என்பதே மதிப்பெண். பள்ளத்திலிருந்து தூசெடுக்க மிகச் சிறந்த முனை, நான்கு பக்கமும் தரையோடு ஒட்டும் தட்டையான முனை. அப்படிப்பட்டவையே பெருகின. அவை தள்ளக் கடினமானவை; பருமனான துகளை முன்னால் தள்ளுபவை. தள்ளும் விசையை அளக்க முறை இருந்தும், அந்தச் சட்டத்தோடு வந்த ஆற்றல் முத்திரைச் சீட்டில் அதற்கு இடமிருக்கவில்லை. சிந்திய அரிசிக்கும் இடமிருக்கவில்லை. மேலும் அந்தச் சீட்டுக்கான சோதனை காலிப் பையோடு நடத்தப்பட்டது. டைசன் நிறுவனம் தொடுத்த வழக்கில் ஐரோப்பிய ஒன்றியத்தின் பொது நீதிமன்றம் 2018 நவம்பரில் முத்திரைச் சீட்டு விதியை ரத்து செய்ததற்குக் காரணம் அதுவே: வீட்டில் நடப்பதை அது காட்டவில்லை. மின்திறன் வரம்பு வேறு விதியில் இருந்ததால் தொடர்ந்தது. அளக்கப்படுவதுதான் வடிவமைக்கப்படும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வீட்டுச் சாதனங்களில் எனக்குத் தெரிந்து இல்லை.

தானியங்கி முனைகளில் எனக்கு மிகவும் பிடித்தது மின்சாரமே இல்லாத ஒன்று: சுருள்வில் வைத்த மடல். முனைக்குள் அழுத்தக் குறைவு ஓர் அளவைத் தாண்டினால் மடல் திறந்து காற்றை விடும், முனை இளகும். கம்பளத்தில் ஏறியதும் தானே திறந்து, டைல்ஸில் இறங்கியதும் தானே மூடும். மடலைத் தொண்டைக்கு மேல் வைத்தால் அது கைப்பிடி மூடியின் இன்னொரு வடிவம்தான். முன்விளிம்பில், தரையை ஒட்டி வைத்தால் விட்டுக்கொடுக்கும் காற்றும் வேலை செய்துகொண்டே நுழையும். இந்த வித்தியாசத்தைக் கவனித்துச் செய்த முனைகள் குறைவு. உணரிகள் வேறு வழியில் போகின்றன. டைசனின் வி11, 2019-ல் வந்தது. பிரஷ் சந்திக்கும் எதிர்ப்பை நொடிக்கு 8,000 முறை வரை அளந்து மோட்டார் வேகத்தை மாற்றுகிறது என்று நிறுவனம் சொல்கிறது. 2021-ல் வந்த ரோபோராக் எஸ்7 என்ற ரோபோ கிளீனர் மீயொலியால் கம்பளத்தை அறிந்து தன் ஈரத்துடைப்பானைத் தூக்கிக்கொள்கிறது. அறிவு வளர்ந்திருக்கிறது, ஆனால் அறிந்ததை வைத்து வி11 திருப்புவது மீண்டும் அதே குமிழைத்தான், மோட்டாரை. ஐரோபாட் நிறுவனம் 2013-ல் தன் ரூம்பா 880 ரோபோவில் கொண்டுவந்த இரட்டை ரப்பர் உருளைகள் இந்த வகையில் ஒரு படி மேல்: தரைக்கு ஏற்ப வளையும் ரப்பர் காற்றுவழியைக் குறுக்குகிறது, குச்சங்கள் இல்லாததால் முடியும் குறைவாகச் சுற்றுகிறது.

நம் வீடுகளில் வில்டன் கம்பளம் கிடையாது. மொசைக், டைல்ஸ், கடப்பைக்கல், சில வீடுகளில் சிவப்பு ஆக்சைடு, செட்டிநாட்டில் ஆத்தங்குடிக் கல். அவற்றின் மேல் பவானி ஜமக்காளம், கோரைப்பாய், வாசலில் தென்னைநார் மிதியடி. யூரேகா ஃபோர்ப்ஸ் 1980-களில் வீட்டுக்கு வீடு கொண்டுவந்து காட்டிய நாளிலிருந்து, நாம் கையில் பிடித்திருப்பது அடிப்படையில் அதே குச்சமும் பெடலும் வைத்த முனைதான். ஜமக்காளம் லேசானது, சாதாரண முனையை வைத்ததும் அப்படியே எழும்பி வாயை அடைத்துக்கொள்ளும். ஒரு காலால் அதன் ஓரத்தை மிதித்துக்கொண்டு, மிதித்த பக்கத்திலிருந்து வெளியே நோக்கி மட்டும் இழுக்க வேண்டியிருக்கிறது. கோரைப்பாயில் கோரை ஓடும் திசையில் இழுத்தால்தான் பள்ளத்துத் தூசு வரும். குறுக்கே இழுத்தால் முனை தட்டித் தட்டிப் போகும். தென்னைநார் மிதியடியின் மணலுக்கு உறிஞ்சலைவிடத் தட்டல் முக்கியம். உலகத்தில் யாரும் அதற்கென்று இயந்திரம் செய்வதற்கு முன்பே நம் பாட்டிமார் அதைத் திண்ணை விளிம்பில் அடித்து உதறிவிட்டார்கள். கடலோர ஊர்களில் காற்றின் ஈரம் கூடும்போது நுண்தூசுக்கும் தரைக்கும் நடுவே நீர்ப்படலம் சேர்ந்து ஒட்டு இறுகுகிறது. அந்தத் தூசை எந்த முனையும் முழுதாக எடுக்காது; பெருக்கிய பிறகு ஈரத்துணியால் துடைக்கும் வழக்கத்துக்குப் பின்னால் திடமான இயற்பியல் இருக்கிறது.

இந்தத் தரைகளுக்கு வேண்டிய முனையை வடிவமைப்பதில் பெரிய மர்மம் எதுவும் இல்லை. பின்விளிம்பில் மென்மையான ரப்பர் பட்டை. முன்விளிம்பில் 1 மி.மீ. முதல் 8 மி.மீ. வரை காலாலேயே ஏற்றி இறக்கக்கூடிய வாசல்: நுண்தூசுக்குத் தாழ்த்தி, அரிசிக்கும் பூச்சரத்திலிருந்து உதிர்ந்த இதழுக்கும் உயர்த்தி. தரையை ஒட்டித் திறக்கும் சுருள்வில் மடல், ஜமக்காளத்துக்காக. பக்கச்சுவர்கள் மெலிந்தும் அடியில் திறந்தும் இருந்தால் சுவரோரத்துத் தூசும் வரும். இன்றைய முனைகள் பலவற்றில் பக்கச்சுவரின் தடிமன் அளவுக்குச் சுவரோரம் ஒரு கோடு எப்போதும் மிச்சமாகிறது. மடல், பட்டை, உருளை இருந்தால் அதுவும், இரண்டு திருகைக் கழற்றினால் கையில் வர வேண்டும். நீளமான தலைமுடி சுற்றிய உருளையைக் கத்தரிக்கோலோடு குந்தி உட்கார்ந்து சுத்தம் செய்பவர், நம் வீடுகளில், பெரும்பாலும் அந்த இயந்திரத்தை வாங்கும் முடிவில் பங்கில்லாதவர். அவர் கையிலிருந்துதான் வடிவமைப்பு தொடங்க வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

தேயும் பாகங்களைப் பற்றி ஒரு சொல். முனையில் முதலில் போவது குச்சங்களும் வெல்வெட் பட்டையும். மிதமாகப் புழங்கும் வீட்டில்கூட மொசைக் அவற்றை அரித்துவிடும். குச்சம் தேய்ந்த முனை தாழ்ந்து, அடித்தகடு தரையில் உரசிக் கீறல் போடும். பட்டையை மட்டும் தனியாக வாங்கக் கிடைப்பது அரிது. முனையையே புதிதாக வாங்கச் சொல்கிறார்கள். நல்லவேளையாக, நீண்ட குழாய் கொண்ட வீட்டு இயந்திரங்களில் பெரும்பாலானவை 32 அல்லது 35 மி.மீ. விட்டத்தில் அடங்கிவிடுகின்றன, இரண்டுக்கும் இடையே இணைப்பு வளையங்களும் கிடைக்கின்றன. இழுப்பு குறைந்துவிட்டது என்று பழைய இயந்திரத்தை ஒதுக்கிவைத்திருப்பவர், பையையும் வடிகட்டியையும் சுத்தம் செய்துவிட்டு, புதிய மோட்டாருக்குப் பணம் கொடுப்பதற்கு முன் அந்தக் குழாயில் வேறொரு முனையை மாட்டிப் பார்க்கலாம்.